'சீரியஸ்' என்ற சொல்லும் கடலடிச் சுரங்கமும்

இன்று 2025ஆம் ஆண்டு நவம்பர் பதினெட்டாம் திகதி. எனக்கு எழுபத்தொன்பது வயதும் நான்கு மாதங்களும் ஆகின்றன. வயதைக் குறிப்பிடுவது பெருமைக்காக அல்ல. இந்த வயதில் காது அடைத்தால் எந்த வைத்தியரும் வயதுக்கு மேல் காரணம் தேடுவதில்லை என்பதைச் சொல்லவே குறிப்பிடுகிறேன். சில நாட்களாக என் வலது காது அடைத்துக் கிடக்கிறது. இன்று காலை இங்கே, டென்மார்க்கின் வைலே நகரில், என் குடும்ப வைத்தியர், எனக்குப் பேத்தி இருந்திருந்தால் அவள் வயதிருக்கும் பெண், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இப்படி முன்பு எப்போதாவது அடைத்ததுண்டா என்று கேட்டார். "உண்டு. கடலுக்கு அடியில்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கணினியில் எதையோ தட்டினார். காதைப் பற்றிய குறிப்பாக அது இருந்திருக்காது.

நான் புலம்பவில்லை என்று சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள், என் சிநேகிதி, நீர். நீரோ சென்ற பெப்ரவரியில் கோல்டிங் மயானத்தில் இறக்கப்பட்டுவிட்டீர். உறைந்த மண்ணை இயந்திரம் கொண்டு வெட்டியிருந்தார்கள். பாதிரியார் செபத்தை முடிக்கும்வரை நான் அந்த இயந்திரத்தின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழவில்லை. அழுதிருந்தால் நீரே எழுந்து வந்து ஏசியிருப்பீர்.

நாம் கடைசிவரை ஒருவரையொருவர் 'நீர்' என்றே அழைத்தோம். பல்கலைக்கழக விடுதியில் முதல் நாள், யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளையான நானும் மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளையான நீரும் எதிரெதிர்க் கட்டில்களில் இருந்துகொண்டு மரியாதைக்காகத் தொடங்கிய 'நீர்' அது. பின்னர் அது 'நீ' என்று இறங்கவும் இல்லை, 'நீங்கள்' என்று ஏறவும் இல்லை. நான் தாவரவியலும் நீர் பொருளியலும் படித்துப் பட்டம் பெற்று, கடைசியில் இருவரும் கோல்டிங்கில் ஒரே முதியோர் இல்லத்தில் டெனிஷ் கிழவர்களுக்குக் காலுறை மாட்டிவிட்டோம். "நீர் அந்தக் காலைப் பிடியும், நான் இந்தக் காலைப் பிடிக்கிறன். பட்டதாரிக்கு ஒரு கால்" என்பீர். கிழவர்கள் நம்முடைய சிரிப்பைப் பார்த்துத் தாமும் சிரிப்பார்கள்.

காது அடைத்தது நம்முடைய முதற் சுரங்கப் பயணத்தில். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடலின் கீழ் ரயில் ஓடத் தொடங்கிச் சொற்ப காலமே ஆகியிருந்தது. அந்த ரயிலுக்குள் காரை ஏற்றி, காருக்குள் நாமும் இருந்தபடி அக்கரைக்குப் போகலாம் என்ற செய்தி நம்மவர்களிடையே பல வடிவங்களில் உலவியது. தமிழ்க்கடை வைத்திருந்த தம்பி ஒருவர் நமக்கு விளக்கம் தந்தார். "அக்கா, அது முழுக்கக் கண்ணாடிக் குழாய். நீங்கள் கார் ஓட ஓட, சுறா பக்கத்திலை வருமாம்."

"சுறாவிட்டை லைசன்ஸ் இருக்கோ தம்பி?" என்று கேட்டுவிட்டு வெண்டிக்காயைப் பொறுக்கத் தொடங்கினீர்.

சுறா வரவில்லை. கடலும் வரவில்லை. கலே நகருக்கு வெளியே, வரிசையில் நின்று, கைகாட்டியவர்கள் காட்டிய பக்கம் திரும்பி, ஒரு நீண்ட தகரப் பெட்டியின் பக்கவாட்டால் உள்ளே நுழைந்தோம். முன்னால் நின்ற காரின் பின்முனைக்குக் கிட்டே நிறுத்தும்படி சைகை செய்தார்கள். கைத்தடையை இழுத்து, இயந்திரத்தை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கிவிடச் சொன்னார்கள். முன்னாலும் பின்னாலும் கதவுகள் இறங்கி மூடிக்கொண்டன. மஞ்சள் விளக்கு. ரப்பரும் சூடான இரும்பும் கலந்த ஒரு மணம். கார் அசையாமல் நின்றது. ஆனால் அடியிலிருந்து ஓர் அதிர்வு ஏறி முழங்காலில் வந்து நின்றது. சிறிது நேரத்தில் என் காது இரண்டும் அடைத்தன.

"எச்சிலை விழுங்கும்" என்றீர். "விழுங்கும் எண்டெல்லோ சொல்லுறன். வாயைச் சும்மா வச்சிருக்காதையும்."

உமது கை வழக்கப்படி செபமாலைக்குப் போகவில்லை என்பதைக் கவனித்தேன். செபம் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"கடலுக்குக் கீழை இருந்து கூப்பிட்டா ஆண்டவருக்குக் கேக்காது" என்றீர். "போன வருசம் மேலை நிண்டு கூப்பிட்டே கேக்கேல்லை."

பிறகு சடாரென்று வெளிச்சம். இங்கிலாந்தின் புற்சரிவு, மேகம், ஆட்டுக்கூட்டம். நீர் இரு கைகளையும் சுக்கானில் வைத்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர். ஓடாத காரின் சுக்கானை ஏன் அப்படி இறுக்கிப் பிடித்திருந்தீர் என்று நான் கேட்கவில்லை.

"இவ்வளவுதானோ?" என்றீர்.

"இவ்வளவுதான்."

"பாட்டுக் கசற் ஒரு பக்கம் முடிய முதல் வந்திட்டம். ஒரு பக்கம் முடிய முதல்! இதைத்தானே எங்களுக்குத் தரமாட்டன் எண்டவங்கள்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதில் ஆத்திரம்கூட இல்லை. கிணற்றில் விழுந்த வாளியின் கயிற்றை மட்டும் கையில் வைத்திருப்பவரின் குரல் அது. அதன் பின்னர் ஒவ்வோர் ஆண்டும், உமது தாயாரின் நினைவுப் பூசைக்கு லண்டன் போகும்போதெல்லாம், சுரங்கத்தின் அதே முனையில் அதே குரலைக் கேட்டேன்.

'தரமாட்டன் என்றது' அதற்கு முந்தைய ஆண்டு யூன் மாதத்தில். அன்று அதிகாலையில் லண்டனிலிருந்து உமது தமையனார் தொலைபேசியில் அழைத்து இரண்டே சொற்கள் சொன்னார். "அம்மா சீரியஸ்."

வேறெந்தச் சமூகத்தவருக்கும் இந்தச் சொல்லை விளங்கப்படுத்த என்னால் முடிந்ததில்லை. தந்தி வந்த காலத்திலிருந்தே நம்மிடையே அது இரு பொருள் கொண்டது. ஒன்று, ஆள் ஆபத்தான நிலையில் இருக்கிறார். மற்றது, ஆள் போய்விட்டார்; தூரத்தில் இருப்பவர் அதிர்ந்துவிடாமல், சாப்பிட்டுக் குளித்து வந்துசேரட்டும் என்று சொல்லாமல் சொல்கிறோம். எந்தப் பொருளில் சொல்லப்பட்டது என்பதை வீட்டு வாசலில் இறங்கும்வரை கேட்கக்கூடாது. கேட்டாலும் உண்மை வராது. நமது இனம் கண்டுபிடித்த இரக்கம் இது. இதைவிடக் குரூரமான இரக்கம் உலகில் உண்டா என்று எனக்குத் தெரியாது.

பில்லுண்டிலிருந்து போகும் விமானங்களில் அன்றைக்கு இடமில்லை. மறுநாள்வரை பொறுக்க உம்மால் முடியவில்லை. உமது கணவருக்குத் தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வரைபடம் பார்க்கத் தெரியும். சுரங்கத்தால் போனால் இருட்டுமுன் தாயாரின் கட்டிலருகில் நிற்கலாம் என்று கணக்குப் போட்டு, உம்முடைய கணவரின் காரில் நாம் இருவரும் வெளிக்கிட்டோம். ஜெர்மன் எல்லையைத் தாண்டினோம். ஹம்பர்க் நெரிசலில் நின்றபோதுதான் தொடங்கினீர்.

"நீர் என்ன நினைக்கிறீர்? சீரியஸ் எண்டா சீரியஸோ, இல்லாட்டி *சீரியஸோ*?"

"பாதையைப் பாரும்."

"அழுதுகொண்டு சொல்லேல்லை அண்ணை. அழாமல் சொன்னா என்ன கருத்து?"

"அழாமல் சொன்னார் எண்டு கருத்து."

"எங்கடை அப்பு செத்த நேரமும் அழாமல்தான் சொன்னவர்."

அந்தச் சொல்லைப் பல நூறு மைல்களுக்குப் பிரித்து, புரட்டி, முகர்ந்து பார்த்தீர். 'சீ'யை நீட்டியது ஏன்? 'அம்மா'வுக்கும் 'சீரியஸு'க்கும் இடையில் ஏன் மூச்செடுத்தார்? பின்னணியில் சட்டிபானைச் சத்தம் கேட்டது. செத்த வீட்டில் அடுப்பு எரியாது, ஆகவே உயிர் இருக்கிறது. இல்லை, அது பக்கத்து வீட்டார் கொண்டுவந்த சாப்பாடாக இருக்கலாம், ஆகவே உயிர் இல்லை. பொருளியல் படித்த மூளை தன்னைத்தானே தின்னுவதை நான் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்தேன். திரும்ப வேண்டிய பாதைகளை மட்டும் சரியாகச் சொன்னேன்.

பெல்ஜியத்தில் எரிபொருள் நிரப்ப நிறுத்தினோம். வெளிச் சுவரோடு ஒரு தொலைபேசி இருந்தது. நீர் இறங்கவில்லை.

"நீர் எடும்" என்றீர். "நான் எடுத்தா அண்ணை திரும்பவும் சீரியஸ் எண்டுதான் சொல்லுவார். நீர் பிற ஆள். உமக்கெண்டா உண்மையைச் சொல்லுவார்."

அது நியாயந்தான். நம்முடைய அந்தச் சொல் இரத்த உறவுக்கு மட்டுமானது. அயலவருக்கு நேரடியாகச் சொல்லலாம். நான் போய் எடுத்தேன். திரும்பி வந்து, "இருக்கிறா" என்றேன்.

"உண்மையாவோ?"

"உண்மையா. நினைவோடை இருக்கிறா. உம்மைத்தான் கேக்கிறாவாம்."

உமது முகத்தில் அப்போது வந்ததை மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். தூக்குக் கயிறு அறுந்து விழுந்தவரின் முகம் அப்படி இருக்கக்கூடும். "அப்ப அண்ணை சும்மா சீரியஸ் எண்டுதான் சொல்லியிருக்கிறார்" என்று சொல்லிச் சிரித்தீர். "விசரன், மனிசரைக் கொல்லப் பாத்தான்." பிறகு நீர் ஓட்டிய வேகத்தை இங்கே எழுதப் போவதில்லை. எனக்குக் கடவுள் நம்பிக்கை அதிகம் இல்லை. அன்று கொஞ்சம் இருந்தது.

கலேயில் சுரங்கத்தின் வாசலில் இன்னும் நல்ல வெயில். பயணச்சீட்டுக் கூண்டில் ஓர் இளைஞன், ஆங்கிலேயன், நல்ல மரியாதைக்காரன். சீட்டைக் கேட்டான், கடவுச்சீட்டுகளைப் பார்த்தான், பிறகு கார் எதில் ஓடுகிறது என்று கேட்டான்.

உம்முடைய கணவர் அந்தக் காரைக் காஸில் ஓடும்படி மாற்றியிருந்தார். பின்பெட்டியில் உதிரிச் சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் காஸ் கொள்கலம் இருந்தது. அதில் அவருக்கு அளவற்ற பெருமை. பெற்றோல் அடிப்பவர்களையெல்லாம் பரிதாபத்தோடு பார்ப்பார். காஸில் ஓடும் கார்களை அந்த ரயிலில் ஏற்ற மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கேள்வியின் தொனியிலிருந்தே விபரீதத்தை உணர்ந்த நீர், "பெற்றோல்" என்றீர். நீர் சொன்ன பொய்களில் மிக மோசமாகச் சொல்லப்பட்டது அது. அவன் கூண்டிலிருந்து இறங்கி வந்து, பின்புறம் போய்க் குனிந்து பார்த்தான். காஸ் நிரப்பும் வாய் அங்கே பளபளவென்று இருந்தது. இந்தக் காரை ஏற்ற முடியாது, மூடிய பெட்டிக்குள் காஸ் ஆபத்து, துறைமுகம் பக்கத்தில்தான், கப்பலில் போகலாம் என்றான். அவன் செய்தது சரி. நூறு பேருடைய உயிரை ஏற்றும் ரயில் அது. அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தது அவன் செய்தது சரி என்று.

நீர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினீர். ஆங்கிலம் உமக்கு நன்றாக வரும். ஆய்வுக் கட்டுரை எழுதிய ஆங்கிலம். ஆனால் அந்தக் கணத்தில் உமக்குள் இருந்தது காலை முதல் மென்றுகொண்டு வந்த அந்த ஒரு சொல்தான். அவனுடைய முகத்துக்கு நேரே கை கூப்பி, "மை மதர் இஸ் சீரியஸ்" என்றீர்.

அவன் விளங்காமல் பார்த்தான்.

"சேர், மை மதர் இஸ் சீரியஸ். வெரி சீரியஸ்."

அவனுடைய மொழியில் நீர் சொன்னதன் பொருள், உமது தாயார் சிரிக்காத சுபாவக்காரர் என்பது. அவன் அதைத் தன்னால் இயன்ற பண்போடு ஏற்றுக்கொண்டான். அதில் தனக்குச் சந்தேகமில்லை, ஆனால் விதி விதிதான் என்றான்.

நீர் என்னைத் திரும்பிப் பார்த்தீர். ஏன் இவனுக்கு ஏறவில்லை என்று உமக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு உரிய சொல் ஒன்றுதான். அதை எவராவது சொல்லியாக வேண்டும். காலை முதல் நாம் இருவரும், லண்டனில் உமது வீட்டார் எல்லோரும், சொல்லாமல் சுற்றிச் சுற்றி நடந்த சொல். நான் கண்ணாடியை இறக்கி, இவருடைய தாய் செத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவன் தலையைக் குனிந்தான். நீர் என்னைப் பார்த்த பார்வையில், உமது தாயாரைக் கொன்றவள் நானாக இருந்தேன்.

பிறகு நீர் செய்தவற்றை நாம் இருவரும் பின்னாளில் ஒருபோதும் பேசியதில்லை. காஸ் முழுவதையும் இங்கேயே திறந்துவிடுகிறேன் என்றீர். அவன் பதறிப் பின்வாங்கினான். காரை நீயே வைத்துக்கொள் என்று சாவியை நீட்டினீர். எங்களை நடந்து போகவிடு, தண்டவாளத்தின் ஓரமாக நடந்து போகிறோம், அக்கரை தூரமில்லை என்றீர். பின்னால் நின்ற கார்கள் ஒலியெழுப்பத் தொடங்கின. மெத்தப் படித்த, கோபக்கார, தேவாலயத்தில் முன்வரிசையில் நிமிர்ந்து இருக்கிற என் சிநேகிதி, ஒரு பையனின் கைச்சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சீமெந்துத் தரையில் நின்றார். நான் இறங்கி வந்து உமது விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

"வாரும்" என்றேன். "கப்பல் இருக்கு."

ஒரு கப்பல் அப்போதுதான் போயிருந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தோம். ஏறிய பிறகும் நீர் உள்ளே வர மறுத்தீர். மேல்தளத்தின் முன்பக்கக் கம்பியைப் பிடித்து, கப்பலைப் பின்னிருந்து தள்ளுபவர் போல உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றீர். சிறுவர்கள் உருளைக்கிழங்குப் பொரியலைக் கடற்புறாக்களுக்கு எறிந்து விளையாடினார்கள். கீழே, அந்தத் தண்ணீருக்கும் கீழே, ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன.

லண்டனில் வீட்டு வாசலில் நிறுத்தியபோது உமது தமையனார் படியிறங்கி வந்து காரின் கதவை உமக்காகத் திறந்துவிட்டார். தன் வாழ்நாளில் எவருக்கும் கார்க் கதவு திறந்துவிட்டறியாத மனிதர். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"எப்ப?" என்றீர். இருக்கைப் பட்டியைக்கூட நீர் கழற்றவில்லை.

"நீ கப்பலிலை நிக்கேக்கை, பிள்ளை."

"சுரங்கத்தாலை வந்திருந்தா?"

"இறங்கு பிள்ளை."

"சுரங்கத்தாலை வந்திருந்தா அண்ணை?"

அந்தக் கேள்வியோடு நீர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தீர். பெற்றோல் கார் ஒன்று வாங்கினீர். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தகரப் பெட்டிக்குள் என்னையும் ஏற்றிச் சென்று, இழந்த நேரத்தை அளந்து பார்த்தீர். பாட்டுக் கசற் போய் இசைத்தட்டு வந்தது. வரைபடம் போய்ப் பாதை சொல்லும் கருவி வந்தது. "அந்த மனிசி தமிழ் கதைக்கமாட்டா, நீரே சொல்லும்" என்று அதை அணைத்துவிட்டு என்னையே கேட்டீர். வெளிச்சத்துக்கு வந்ததும் அதே வாக்கியம். என்னை ஏன் கூட்டிப் போகிறீர் என்று நானும் கேட்கவில்லை, ஏன் வருகிறீர் என்று நீரும் கேட்கவில்லை.

தாயாரின் முகத்தைப் பற்றி நீர் என்றும் குறைப்பட்டதில்லை. "முகத்தை நான் பார்த்தன். சவப்பெட்டியிலை வடிவாப் பார்த்தன்" என்பீர். சீனி வருத்தத்தில் உமது தாயாரின் கண்பார்வை எப்போதோ போய்விட்டிருந்தது. ஆட்களை அவர் குரலால் அறிந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்து, அவர் திருப்திப்படும்வரை நீர் கதைப்பீர். விலைவாசி, நகரசபையான கொம்யூனிலிருந்து வந்த கடிதம், பிள்ளையின் பாடசாலை, எல்லாம். ஆகவே உமது குறை ஒன்றே ஒன்றுதான். "அவ என்ரை குரலைக் கேக்காமல் போட்டா." இதைக் கோல்டிங்கில் பாத்திரம் கழுவும்போது சொன்னீர். முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கும்போது சொன்னீர். தேவாலயத்து வாசலில், எவரும் கேளாமலே சொன்னீர்.

உமது கணவர் அந்தக் காரை அந்த மாதமே விற்றார். போதவில்லை. அவர் நல்ல மனிதர். மிச்சம் பிடிக்க நினைத்ததைத் தவிர ஒரு குற்றமும் செய்யாதவர். நீர் அவரோடு சண்டை பிடிக்கவில்லை. அது பெரிய தண்டனை. தேநீர் கொடுத்தீர், மருந்து கொடுத்தீர், பதில் கொடுக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய சவப்பெட்டியை மூடும்போது என் பக்கம் சாய்ந்து நீர் முணுமுணுத்தது ஒரே சொல். "காஸ்." நான் உமது கையைக் கிள்ளினேன். செபம் என்று எண்ணி மற்றவர்கள் ஆமென் சொன்னார்கள்.

சென்ற பெப்ரவரியில் உம்மைப் பார்க்கக் கோல்டிங்குக்கு ரயிலில் நாள்தோறும் வந்தேன். புற்றுநோய் உம்மைக் கட்டிலில் ஒரு மடிப்பாக ஆக்கியிருந்தது. ஒருநாள் மாலை கண்ணை மூடியபடி அதையே சொன்னீர். "கேக்காமல் போட்டா." கட்டிலின் மறுபக்கம் இருந்த உமது மகள், அம்மா என்ன கேட்கிறார் என்று டெனிஷில் என்னிடம் கேட்டாள். பழைய கார் ஒன்றைப் பற்றிச் சொல்கிறார் என்றேன். "ஓ, காஸ் கார்" என்று அவளும் டெனிஷில் சொல்லிவிட்டு உமது உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்தாள். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை. அவளுக்கும் அது மனப்பாடம்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சாகப்போகிறவரின் கட்டிலருகே உண்மையைக் கொட்டுவது, கொட்டுபவருக்கே சுகம். அந்தச் சுகம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இப்போது நீர் இல்லை. உமது தமையனார் உமக்கு முன்பே போய்விட்டார். நானும் போனால், உமக்கு உரிய பொருள் ஒன்று இந்த உலகத்தில் எவருடைய கையிலும் இல்லாமல் அழிந்துபோகும். நாலைந்து சொற்கள்தான். ஆயினும் அவை என்னுடையவை அல்ல. மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. திரும்ப அந்த நாள் வந்தாலும் அதையே செய்வேன்.

பெல்ஜியத்தில் நான் தொலைபேசி எடுத்தபோது, உமது தமையனார் என்னை அறிந்துகொண்டு, நேராகவே சொன்னார்: "நினைவா இருக்கிறா தங்கச்சி. உங்களைத்தான் காத்துக்கொண்டு கிடக்கிறா. பொறுங்கோ, காதிலை வைக்கிறன். வாறம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ." வேண்டாம், அவரையே கூட்டி வருகிறேன் என்று நான் சொல்லி முடிக்குமுன் கருவி கைமாறிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கையை உயர்த்தி ஆட்டினேன். நீர் காருக்குள், நெற்றியைச் சுக்கானில் வைத்து, காது இரண்டையும் கைகளால் பொத்திக்கொண்டு இருந்தீர். வரப்போகும் பதிலுக்கு அவ்வளவு பயந்திருந்தீர்.

மறுமுனையில் ஒரு மூச்சு. பிறகு, உமது வீட்டார் மட்டும் உம்மை அழைக்கும் அந்தப் பெயர். அவர் காதில் விழுந்தது ஒரு பெண்குரல், தமிழ். அவருக்கு அது நீராகத்தான் இருக்க முடியும்.

"ஓம், அம்மா" என்றேன்.

"எங்கை நிக்கிறாய்?"

"கிட்ட வந்திட்டன், அம்மா."

இதைச் செத்தவீட்டுப் படிக்கட்டில் நின்று உமது தமையனாரும் நானும் பேசினோம். "சொல்லாதேங்கோ" என்றார் அவர். "இறங்கிப் போய் எடுத்திருந்தா நானே கதைச்சிருப்பன் எண்டு, அந்த ஒண்டிலையே செத்துப்போவாள். காஸிலை கோவிச்சுக்கொண்டு இருக்கட்டும்." எனக்கும் அதுவே சரியென்று பட்டது. உமது தாயார் உமது குரலைக் கேட்டார் என்று நான் சொன்னால், அதைக் கேட்கத் தந்தவர் நீர் அல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். ஆகவே உம்மைக் காஸோடும் சுரங்கத்தோடும் விட்டேன். ஒவ்வோர் ஆண்டும் பக்கத்து இருக்கையில் இருந்தேன்.

தொலைபேசியில் உமது தாயார் அதற்குமேல் ஒன்றுதான் சொன்னார். தெளிவான குரல், அவசரமே இல்லாத குரல். அதில் ஒரு சொல்லுக்கு நம் ஊர்ப் பேச்சில் அவசரப்படாமல் என்றும் மனம் தேறி என்றும் உள்ள இரண்டு பொருளும் உமக்குத் தெரியும். அது உமக்குச் சொல்லப்பட்டது, எனக்கு அல்ல. இத்தனை காலம் வைத்திருந்து இப்போது தருகிறேன்.

"ஓடி வராதை பிள்ளை. ஆறுதலா வா."